பச்சைச் சுவரு, எட்டு முழ வேட்டி, ஒரு ஃபிளாஷ்

தங்கச்சிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு, மாப்பிள்ளை வீட்டுல எடம் பத்தாதுன்னு எங்க வீட்டு ஹால்லயே வைக்கிறதா முடிவாச்சு, போட்டோ நீதான் எடுக்கணும்னு அவளே சொல்லிட்டா. எங்கிட்ட இருக்கிறது நிக்கான் டி5300, கூட வந்த 18-55 லென்ஸ், தனியா வாங்கின 35 எம்எம் 1.8, அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ் ஒண்ணு. கைல மூணு வாரம் இருந்துச்சு. தினம் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து சாப்பிட்டு ஹால்ல உக்காந்து அந்த ஃபிளாஷ வச்சு என்னென்ன பண்ணேன், எது சரியா வந்துச்சு எது வரலங்கிறத ஒரு நோட்டுல எழுதிட்டே வந்தேன், அதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், வீட்டு விசேஷத்துக்கு ஃபிளாஷ் வச்சு எடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்.

இவ்வளவு மெனக்கெட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரெண்டு வருசம் முன்னாடி அண்ணன் பையனுக்கு குலதெய்வம் கோயில்ல காதுகுத்து. சாமி மண்டபத்துக்குள்ள இருட்டு, கேமரா மேல இருக்கிற குட்டி ஃபிளாஷ தூக்கி விட்டு அப்படியே நேரா அடிச்சு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெருசா பாத்தா எல்லார் நெத்தியிலயும் எண்ணெயும் வேர்வையும் சேந்து வெள்ளை வெள்ளையா மினுங்குது, பின்னாடி மண்டபமே இல்ல, ஒரே கருப்பு, மாமன் மடியில உக்காந்திருந்த பிள்ளையோட முகம் காகிதம் வெட்டி ஒட்டின மாதிரி தட்டையா இருக்கு. எங்க அப்பத்தா பாத்துட்டு "என்னய்யா எனக்கு சுண்ணாம்பு அடிச்சு விட்ருக்க"ன்னு கேட்டாங்க. அவங்க கருப்பு. நல்ல அழகான கருப்பு, மூக்குத்தியும் சுருக்கமும் சேந்து அந்த முகத்துக்கு ஒரு களை உண்டு, அது ஒண்ணுமே அந்தப் படத்துல இல்ல. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திட்டே இருந்துச்சு.

முத வாரம் முழுக்க போனது ஒரே ஒரு விசயத்தப் புரிஞ்சிக்கிறதுக்குத்தான். ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது ஒரே படத்துக்குள்ள ரெண்டு வெளிச்சக் கணக்கு ஓடுது. ஒண்ணு ஏற்கனவே அறையில இருக்கிற வெளிச்சம், ஜன்னல், டியூப்லைட், குத்துவிளக்கு எல்லாம். இன்னொண்ணு ஃபிளாஷ் வெளிச்சம். ஃபிளாஷ் வெடிக்கிறது கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள, பவர குறைச்சு வச்சா ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கும் கம்மியான நேரம், அதனால ஷட்டர் (சென்சார்ல வெளிச்சம் விழ திறந்திருக்கிற நேரம்) செகண்டுல 1/60-ல இருந்தாலும் 1/200-ல இருந்தாலும் ஃபிளாஷ் வெளிச்சம் அதே அளவுதான் உள்ள வரும். ஆனா அறை வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கிற நேரம் முழுக்க வந்துட்டே இருக்கும். அப்ப ஷட்டர மெதுவாக்கினா பின்னாடி இருக்கிற ஹால் வெளிச்சமாகும், முகம் அப்படியே இருக்கும். அப்பர்ச்சரும் (லென்ஸோட துவாரம், எஃப் நம்பர் கூடினா துவாரம் சுருங்கும்) ஐஎஸ்ஓவும் (சென்சார் வெளிச்சத்த உணர்ற அளவு) ரெண்டு வெளிச்சத்தையும் சேத்து ஏத்தி இறக்கும். ஃபிளாஷ மட்டும் கூட்டணும் குறைக்கணும்னா அதோட பவர் பட்டன், இல்லன்னா அத கிட்ட தூர நகத்துறது.

இத படிச்சப்ப புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா உண்மையில மண்டையில ஏறினது ஒரு நாள் ராத்திரி குத்துவிளக்க ஏத்தி வச்சு பக்கத்துல ஒரு பித்தளைச் சொம்ப வச்சு எடுத்தப்பதான். எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் முழு பவர்ல 1/16 பங்கு, இது மூணையும் தொடாம ஷட்டர மட்டும் 1/200, 1/100, 1/50, 1/25-ன்னு இறக்கிட்டே வந்தேன். சொம்புல விழுந்த ஃபிளாஷ் வெளிச்சம் நாலு படத்துலயும் ஒண்ணுபோல இருக்கு, விளக்குத் திரியச் சுத்தி இருக்கிற மஞ்ச வெளிச்சம் மட்டும் ஒவ்வொரு படத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா சுவத்துல பரவிட்டு வருது. காதுகுத்துல மண்டபம் ஏன் காணாமப் போச்சுன்னு அப்பதான் தெரிஞ்சது, ஐஎஸ்ஓ 100-லயும் ஷட்டர் 1/200-லயும் வச்சு எடுத்திருக்கேன், அந்த இருட்டு மண்டபத்து வெளிச்சம் சென்சாருக்கு வந்து சேரவே நேரம் குடுக்கல.

அதே வாரம் ஷட்டர 1/320 வச்சும் ஒரு தடவ எடுத்துப் பாத்தேன், படத்தோட கீழ்ப்பக்கம் பட்டையா ஒரு கருப்பு விழுந்துச்சு. ஷட்டர்ல ரெண்டு திரை இருக்கு, மொதத் திரை முழுசா திறந்து ரெண்டாவது திரை மூட ஆரம்பிக்காம இருக்கிற அந்த நேரத்துலதான் ஃபிளாஷ் அடிக்கணும், இந்த கேமரா பாடிக்கு அது 1/200 வரைக்கும்தான். அதுக்கு மேல போனா ரெண்டாவது திரை கிளம்பி வந்துரும், அதோட நிழல்தான் அந்தப் பட்டை. டிடி600-ஐ கேமரா மேல நேரா மாட்டினா அடியில இருக்கிற நடு பின் மட்டும்தான் கேமராவோட பேசும், ஃபிளாஷ் மாட்டியிருக்குன்னே பாடிக்குத் தெரியாது, அதனால அது நம்மள தடுக்காது, நாமதான் பாத்துக்கணும். நடு பின்னுன்னதும் ஞாபகம் வருது, ஆரம்பநிலை கேமராக்கள்ல சில மாடல்ல அந்த நடு பின்னே வைக்காம விட்ருக்காங்க, அதுல இந்த மாதிரி நாமளே பவர் வைக்கிற மேனுவல் ஃபிளாஷ் வெடிக்கவே வெடிக்காது. வாங்குறதுக்கு முன்னாடி கேமரா மேல ஃபிளாஷ் மாட்டுற ஷூவ ஒரு தடவ குனிஞ்சு பாத்துருங்க, நடுவுல வட்டமா ஒரு உலோகப் புள்ளி இருக்கணும்.

ரெண்டாவது வாரம் ஃபிளாஷ எங்க பாத்து அடிக்கிறதுங்கிற பிரச்சனை.

எங்க அம்மாவோட தம்பி, மாமா, முன்னாடி சின்னதா ஸ்டுடியோ வச்சிருந்தவரு, ஃபிலிம் காலத்து ஆளு. அவருகிட்ட போன்ல கேட்டேன். "ஆளப் பாத்து அடிக்காத மாப்ள, சுவத்தப் பாத்து அடி"ன்னு சொன்னாரு. விசயம் இதுதான், ஃபிளாஷோட மூஞ்சி ரெண்டு மூணு விரக்கடை அகலம்தான் இருக்கும், அவ்வளவு சின்ன எடத்துல இருந்து வர்ற வெளிச்சம் கூர்மையா நிழல் போடும், தோல்ல எண்ணெய் இருக்கிற எடத்துல எல்லாம் புள்ளி புள்ளியா மினுங்கும். அதையே ஒரு சுவத்துல அடிச்சா அந்தச் சுவரு மொத்தமும் வெளிச்சம் தர்ற பொருளா மாறிரும், அகலமா வரும், நிழல் ஓரம் எல்லாம் கரைஞ்சு போகும்.

சரின்னு இடது பக்கச் சுவத்தப் பாத்து அடிச்சேன். அம்மாவ நாற்காலியில உக்கார வச்சு எடுத்த முதப் படத்தப் பாத்ததும் எனக்கு பக்குன்னு ஆச்சு, முகத்துல ஒரு பக்கம் பாசி படிஞ்ச மாதிரி பச்சை. எங்க வீட்டு ஹால் சுவரு பச்சை டிஸ்டெம்பர், பதினஞ்சு வருசமா அதே கலருதான், ஊருல முக்காவாசி வீடு ஒண்ணு பச்சை இல்லன்னா ரோஸ். வெளிச்சம் எதுல பட்டுத் திரும்புதோ அதோட நிறத்த எடுத்துட்டுத்தான் வரும். ஒயிட் பேலன்ஸ (படத்தோட மொத்த நிறத்த சரி பண்ற செட்டிங்) மாத்தி சரி பண்ணலாமேன்னா அதுவும் முழுசா நடக்காது, ஏன்னா மூக்குக்கு இந்தப் பக்கம் சுவத்துல இருந்து வந்த பச்சை, அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம், ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு ரோஸ் ஆகிருது.

அப்ப மேல அடிப்போம்னு கூரையப் பாத்து அடிச்சேன். கூரை வெள்ளை, பத்தடி உயரம், வெளிச்சம் நல்லாத்தான் பரவுச்சு, நிறமும் சுத்தமா வந்துச்சு, சிலருக்கு இதுவே போதும். ஆனா வெளிச்சம் உச்சியில இருந்து எறங்குறதால கண்ணுக்குழி ரெண்டும் இருட்டா விழுது. வயசானவங்களுக்கு அது இன்னும் மோசம், அப்பத்தாவ எடுத்துப் பாத்தா கண்ணே தெரியல. ஃபிளாஷ் தலையில இருந்து இழுக்குற சின்ன வெள்ளை அட்டை ஒண்ணு இருக்கும், அத வெளிய இழுத்து விட்டா கொஞ்சம் வெளிச்சம் முன்னாடி வந்து கண்ணுல ஒரு பொட்டு மினுக்கம் குடுக்கும். அது பரவாயில்ல, ஆனா எனக்குத் திருப்தி இல்ல.

எனக்கு வேண்டியது பக்கவாட்டுல ஒரு பெரிய வெள்ளைச் சுவரு. வளைகாப்புக்காக சுவத்த வெள்ளை அடிக்கச் சொன்னா அப்பா என்ன சொல்வாருன்னு தெரியும். ஆனா அவரோட வேட்டிய கேக்கலாம்.

எட்டு முழ வேட்டி, பருத்தி. ஜன்னல் கம்பியில இருந்து எதிர்ல கதவு நிலையில இருக்கிற ஆணி வரைக்கும் கொடிக்கயிறு கட்டி, வேட்டிய ரெண்டா மடிக்காம ஒத்தையா தொங்க விட்டு, கரைய மேல சுருட்டி விட்டுட்டேன், கரை பச்சையும் மெரூனுமா இருந்தா அது வேற கலர் கொண்டு வந்துரும். வேட்டிக்கு அந்தப் பக்கம் நாலடி தள்ளி ஸ்டாண்டுல ஃபிளாஷ், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேல. வேட்டிக்கு இந்தப் பக்கம் அஞ்சடியில நாற்காலி. ஃபிளாஷோட ஜூம 24-ல வச்சேன், அதாவது வெளிச்சம் நல்லா அகலமா விரியுற மாதிரி. இது முக்கியம், ஏன்னா ஜூம் 105-லயோ 200-லயோ இருந்தா வேட்டிக்கு நடுவுல ஒரு வட்டம் மட்டும்தான் பத்தும், மிச்ச வேட்டி சும்மா தொங்கும். வேட்டி முழுக்க ஒரே சீரா ஒளிருதான்னு பாக்க நான் வேட்டியவே ஒரு படம் எடுத்துப் பாத்தேன், நடுவுல கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, ஸ்டாண்ட இன்னும் ஒரு அடி பின்னாடி தள்ளினதும் சரியாச்சு.

கேமரா மேல ரேடியோ ட்ரிகர், தள்ளி நிக்கிற ஃபிளாஷ வயர் இல்லாம அடிக்க வைக்கிறது. டிடி600-க்குள்ளயே ரிசீவர் இருக்கு, சேனலும் குரூப்பும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும் அவ்வளவுதான். முதல்ல கால் மணி நேரம் வெடிக்கவே இல்ல, ட்ரிகர் சேனல் 1, ஃபிளாஷ் சேனல் 5, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுல பழைய ஆளு வச்சிருந்த சேனல் அப்படியே இருந்திருக்கு.

அன்னிக்கு எடுத்த படத்த பாத்தப்ப எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைச்சுச்சு. அம்மா கன்னத்துல வெளிச்சம் ஒரு பக்கம் ஏறி, மூக்க தாண்டி மெதுவா நிழலுக்குள்ள எறங்குது, எங்க முடியுதுன்னு கோடு போட முடியல. தோலு தோலா இருக்கு. முகத்துல விழுறது வேட்டி வெளிச்சம், அந்தப் பக்கம் நிக்கிற ஃபிளாஷ் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் மாதிரிதான், வாய்க்கால்ல பாயுறது தொட்டித் தண்ணி. இது மனசுல உக்காந்ததுக்கு அப்புறம் விலை கூடின ஃபிளாஷ் வேணுமேங்கிற ஏக்கமே எனக்குப் போயிருச்சு.

வேட்டியில ஒரு சின்ன விசயம் கவனிச்சேன். மொத நாள் கட்டினது நல்லா நீலம் போட்டு வெளுத்த வேட்டி, படம் லேசா நீலம் அடிச்சுச்சு, கண்ணுக்கு வெள்ளை வெளேர்னு தெரியுற துணிதான், ஆனா நிழல் பக்கத்த விட வெளிச்சப் பக்கம் குளிர்ச்சியா இருந்துச்சு. சொட்டு நீலமும் சோப்புத்தூள்ல இருக்கிற பளிச்சாக்குற மருந்தும்தான் காரணம், துணி வெள்ளையாத் தெரியுறதே நீலத்த கூட்டித்தான். மறுநாள் காடாத் துணி ஒரு துண்டு வாங்கிட்டு வந்து வேட்டிக்குப் பதிலா கட்டிப் பாத்தேன், அது வெளுக்காத துணி, இளமஞ்சளா இருக்கும், முகத்துக்கு இதமா வந்துச்சு ஆனா பட்டுப்புடவையில இருக்கிற வெள்ளிச் சரிகையும் மஞ்சளாத் தெரிஞ்சது. கடைசியில நீலம் போடாம அலசின பழைய வேட்டிக்கே வந்துட்டேன். அப்பாவும் பழச எடுத்துக்கன்னு நிம்மதியா குடுத்தாரு.

கணக்கு எப்படி வந்துச்சுன்னா, ஐஎஸ்ஓ 400, எஃப் 4, ஃபிளாஷ் 1/8 பவர், ஷட்டர் 1/60. வேட்டி ஒத்தையா இருந்தாலே வெளிச்சத்துல முக்காவாசிய சாப்பிட்டுரும், நேரா அடிச்சா 1/32 போதும்ங்கிற எடத்துல 1/8 தேவைப்படுது. ரெண்டு மடிப்பா போட்டுப் பாத்தேன், இன்னும் கொஞ்சம் மிருதுவா ஆகும்னு நினைச்சேன், வெளிச்சம்தான் குறைஞ்சது, மிருது ஒண்ணும் கூடல, ஏன்னா மிருது வர்றது வேட்டியோட அகலத்துலயும் அது ஆளுக்கு எவ்வளவு கிட்ட இருக்குங்கிறதுலயும்தான். எதிர்ப்பக்கம் நிழல் ரொம்ப கருத்துச்சு, அதுக்கு ரெண்டடிக்கு மூணடி தெர்மாகோல் ஒண்ண ஸ்டூல் மேல சாச்சு வச்சேன், வேட்டி வெளிச்சம் அதுல பட்டு தாடைக்குக் கீழயும் கொஞ்சம் எட்டிப் பாத்துச்சு. தெர்மாகோல ஒரு சாண் கிட்ட கொண்டு வந்தாலே நிழல் குறையுறது கண்ணுக்குத் தெரியும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆகும்ங்கிற விதி இருக்கே, அது புஸ்தகத்துல படிக்கிறப்ப விட நாற்காலிய தள்ளித் தள்ளி எடுக்கிறப்ப நல்லாப் புரியும். வரிசையா நாலு பேரு உக்காந்தா வேட்டி பக்கம் இருக்கிறவங்க வெளுத்து, கடைசி ஆளு இருட்டா இருப்பாங்க, அப்ப ஃபிளாஷையும் வேட்டியையும் பின்னாடி தள்ளினாதான் நாலு பேருக்கும் தூர வித்தியாசம் குறையும்.

மாமா காலத்துல இதெல்லாம் எடுத்துப் பாத்து சரி பண்ண வழியில்ல. ஃபிளாஷோட கைட் நம்பர (அது எவ்வளவு பலமா அடிக்கும்னு சொல்ற எண்) தூரத்தால வகுத்து அப்பர்ச்சர் வச்சிருவாங்க, கைட் நம்பர் 32, ஆளு 4 மீட்டர்ல இருந்தா எஃப் 8. பழைய ஃபிளாஷோட முதுகுலயே அந்த அட்டவணை வட்டமா இருக்கும். "அடி கணக்கு தப்பினா கல்யாணமே போச்சு மாப்ள, ரோல் கழுவுற வரைக்கும் சோறு இறங்காது"ன்னாரு.

மூணாவது வாரம் அவரு தன்னோட பழைய ஃபிளாஷையே எடுத்துட்டு வந்து குடுத்தாரு, ஜப்பான்ல செஞ்சது, பின்னாடி இருந்து முடியில ஒரு வெளிச்சம் குடுக்க ஆகும் பாருன்னு. செல் வைக்கிற மூடியத் திறந்தா உள்ள நாலு அல்கலைன் செல் எப்பவோ வச்சது, கசிஞ்சு வெள்ளையா பொடி பூத்து ஸ்பிரிங்கெல்லாம் பிடிச்சிருச்சு. எலுமிச்சம்பழச் சாற இயர்பட்ல தொட்டு வச்சேன், பொடி மேல பட்டதும் சுர்ருன்னு நுரைச்சு வந்துச்சு, அல்கலைன் கசிவு காரம், புளிப்பு அத முறிச்சுரும். நாலஞ்சு தடவ அப்படி பண்ணி, தண்ணி தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லா காய விட்டு, கடைசியா நைஸ் உப்புத்தாள சின்னதா மடிச்சு தகட்ட ரெண்டு தேய்ப்பு தேச்சதும் பளபளன்னு ஆச்சு. அதுக்கு மேல நான் உள்ள திறக்கல, நீங்களும் திறக்காதீங்க. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், செல்ல கழட்டி ரொம்ப நேரம் ஆனாலும் அதுல சார்ஜ் இருக்கும், அது ஆளக் கொல்லக்கூடிய விசயம்.

புது செல் போட்டு ஆன் பண்ணதும் மெலிசா விசில் அடிக்கிற மாதிரி சத்தம் கிளம்பிச்சு, ஆரஞ்சு லைட் எரியவே ஒரு நிமிசம் மேல ஆச்சு. வருசக்கணக்கா சும்மா கெடந்த கெப்பாசிட்டர் அப்படித்தான், ஒரேயடியா அடிக்காம சார்ஜ் ஆகி கொஞ்ச நேரம் நிக்க விட்டு அடிக்கணும், திரும்ப நிக்க விட்டு அடிக்கணும், ஏழெட்டு தடவைக்கு அப்புறம் பத்து செகண்டுக்குள்ள ரெடி ஆச்சு. கேமராவுல மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர டிசி 600 வோல்ட்ல வச்சு, சிவப்பு முனைய ஃபிளாஷோட அடியில இருக்கிற நடு பின்லயும் கருப்ப பக்கத் தகட்டுலயும் வச்சுப் பாத்தேன், 210 காட்டுச்சு. டி5300-ஓட கையேட்டுல 250 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கு, சில பழைய டிஜிட்டல் பாடிங்களுக்கு 6 வோல்ட்டுதான் கணக்கு. 210 உள்ளதான் வருதுன்னாலும் எனக்கு கேமரா மேல வைக்க மனசு வரல, நாப்பது வருசப் பொருளு, இன்னிக்கு 210 காட்டுது. மாமாகிட்டயே அந்த ஃபிளாஷுக்குன்னு வாங்கின ஸ்லேவ் கண்ணு ஒண்ணு இருந்துச்சு, இன்னொரு ஃபிளாஷ் அடிக்கிறதப் பாத்து தானா அடிக்க வைக்கிற சின்ன கண்ணாடிக் குமிழ். அத மாட்டி ஷெல்ஃப் மேல பின்பக்கமா வச்சேன், டிடி600 அடிச்சதும் கூடவே அடிச்சுச்சு. மெயின் ஃபிளாஷ் மேனுவல்ல இருக்கிறதாலதான் இது சரியா வரும், டிடிஎல்-ல (கேமராவே ஃபிளாஷ் பவர முடிவு பண்ற முறை) இருந்தா படத்துக்கு முன்னாடி ஒரு சோதனை அடி அடிக்கும், இது அதப் பாத்தே காலியாகிரும்.

பென்சில் செல்லப் பத்தி ஒரு வார்த்தை. பெட்டிக்கடை சாதா செல் பதினஞ்சு இருபது அடிக்கே மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு, ரெண்டாவது படம் எடுக்க எட்டு செகண்ட் காத்திருக்கணும், வளையல் போடுற கை அதுவரைக்கும் நிக்காது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல், 2000 எம்ஏஹெச், மூணு செட் வாங்கினேன். செட்டுக்கு நாலு, ஒவ்வொரு செட்டுலயும் ஒரே கலர் டேப் சுத்தி வச்சேன், ஒரு செட்டு செல்ல இன்னொரு செட்டோட கலக்கவே கூடாது, ஒரு செல் தொய்வா இருந்தா மத்த மூணையும் இழுத்துட்டுப் போயிரும். 1/8 பவர்ல ஒரு செட்டு வளைகாப்பு அன்னிக்கு காலை முழுக்க தாங்குச்சு, ரெண்டாவது செட்ட பந்தி நேரத்துலதான் மாத்தினேன்.

விசேஷத்தன்னிக்கு காலையில ஆறு மணிக்கே வேட்டி கட்டியாச்சு. டியூப்லைட்ட அணைச்சுட்டேன், ஜன்னல் பகல் வெளிச்சமும் ஃபிளாஷும் நிறத்துல கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டும் 5500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்த அளக்கிற கணக்கு) பக்கம், நடுவுல டியூப்லைட் பச்சை கலந்தா மறுபடி தகராறு. சீலிங் ஃபேன் போட்டா வேட்டி ஆடுது, விளக்கு அணையுது, அதனால டேபிள் ஃபேன தங்கச்சிக்கு மட்டும் படுற மாதிரி கீழ வச்சேன், அவளுக்கு வேர்க்கக் கூடாதுங்கிறதுதான் முதல், படம் அப்புறம். அப்பத்தாவுக்கு ஒரு கவலை இருந்துச்சு, "இப்படி பளிச்சு பளிச்சுன்னு அடிக்கிறியே வயித்துப் பிள்ளைக்கு ஆகுமாய்யா"ன்னு. தங்கச்சியே முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருந்தா, ஒண்ணும் ஆகாது அப்பத்தான்னு அவளே சொல்லிட்டா.

முதல்ல மாமியார், அப்புறம் எங்க அம்மா, மதினி, அத்தைங்கன்னு வரிசையா வந்து கன்னத்துலயும் கையிலயும் சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, கண்ணாடி வளையல் போட்டாங்க. அந்த சந்தனத்த நேர் ஃபிளாஷ்ல எடுத்தா வெறும் மஞ்சக் கறையாத் தெரியும். பக்கத்துல இருந்து வர்ற வேட்டி வெளிச்சத்துல விரல் இழுத்த தடம் ஒவ்வொண்ணும் வரி வரியா மேடு பள்ளமா தெரிஞ்சது, கன்னத்துல அத்தையோட மூணு விரல் எப்படிப் போச்சுன்னு சொல்லிரலாம். வளையல்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமா அடுக்கினதுல ஒவ்வொரு வளையல்லயும் வேட்டியோட பிம்பம் நீளமா வளைஞ்சு ஒரு வெள்ளைக் கீத்தா விழுந்திருக்கு. நேரா அடிச்சிருந்தா அந்த எடத்துல எல்லாம் ஊசிமுனை மாதிரி வெள்ளைப் புள்ளியா இருந்திருக்கும், கண்ணாடியோட வழவழப்பே தெரியாது. பெருசு பண்ணிப் பாத்தப்ப ஒரு வளையல்ல கொடிக்கயிறு கூடத் தெரியுது.

நடுவுல ஒரு சிக்கல். பின்னாடி வச்ச பழைய ஃபிளாஷ் நான் அடிக்காதப்பவும் அடிக்குது. மாப்பிள்ளை சொந்தத்துல ஒருத்தர் அவரோட கேமராவுல ஃபிளாஷ் போட்டு எடுத்துட்டு இருந்தாரு, ஸ்லேவ் கண்ணுக்கு யாரு அடிச்சாலும் ஒண்ணுதான், அவருக்கு அடிச்சு முடிச்சு சார்ஜ் ஏறிட்டு இருக்கும்போது நான் எடுத்தா எனக்கு பின்வெளிச்சம் இல்ல. பத்து படம் அப்படிப் போனதும் ஷெல்ஃபுல ஏறி அத அணைச்சுட்டேன், ஜன்னல் பக்கம் நாற்காலிய அரையடி திருப்பினதும் முடி ஓரத்துல போதுமான வெளிச்சம் வந்துருச்சு.

கண்ணாடி போட்டவங்களுக்கு வேட்டியே கண்ணாடியில வெள்ளையா அடைச்சுக்கும். அப்பத்தாவுக்கும் அப்படித்தான் ஆச்சு. ஸ்டாண்ட ஒரு அடி உயர்த்தி, வேட்டியோட கீழ்ப்பாதிய சுருட்டிக் கட்டி, "அப்பத்தா, தாடைய லேசா இறக்குங்க"ன்னு சொன்னதும் பிம்பம் கண்ணாடிக்கு மேல ஏறிப் போயிருச்சு.

மதியம் எல்லாரையும் திண்ணையில நிக்க வச்சு ஒரு குடும்பப் படம். அங்க வேட்டி வேலைக்காகல, காத்து வேற, பின்னாடி தெரு முழுக்க வெயிலு. ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11, தெரு வெளுக்காம வர அவ்வளவு இறக்க வேண்டியிருந்துச்சு, அதுக்கு ஈடு குடுக்க ஃபிளாஷ வெறுமனே ரெண்டரை மீட்டர்ல வச்சு அரைப் பவர்ல அடிச்சேன். சுமாரான படம்தான். வெளிச்சம் கடினமா இருக்கு, அண்ணன் நிழல் மதினி தோள்ல விழுந்திருக்கு. வெளியில பகல்ல குடும்பமா எடுக்கணும்னா நிழலான பக்கம் நிக்க வச்சுட்டு ஃபிளாஷ் இல்லாமலே எடுத்திருக்கணும்னு இப்பத் தோணுது.

எடுத்ததெல்லாம் ரா (RAW) ஃபைலாத்தான், அதாவது கேமரா பதிஞ்சத அப்படியே வைக்கிற ஃபைல். கம்ப்யூட்டர்ல போட்டப்ப யாரையும் நான் கலராக்கல. மாப்பிள்ளை வீட்டுல ஒரு அக்கா "கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுப்பா"ன்னு கேட்டாங்க, இல்லக்கா இதுதான் நல்லாருக்குன்னு அவங்க படத்தையே பெருசாக்கிக் காட்டினேன், கம்மல்ல கல்லு எண்ணுற அளவுக்கு தெரியுது, தோலும் அவங்க தோலா இருக்கு. ரொம்ப நேரம் பாத்துட்டு சரிப்பா அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. வெளுக்க வைக்கிறதுக்கு ஃபிளாஷ் பவர ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, ஏத்தினாப் போதும், கல்யாண ஆல்பம் பாதி அப்படித்தான் வருது, எனக்கு அதுல சம்மதமே இல்ல.

அப்பத்தா படத்த மட்டும் பன்னெண்டுக்கு பதினஞ்சு இன்ச்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். கண்ணாடிய கழட்டி முந்தானையில துடைச்சுப் போட்டுட்டு, படத்த ஜன்னல் பக்கம் திருப்பி வச்சுப் பாத்தாங்க. "மூக்குத்தியில ஒரு கல்லு போயிருக்குல்ல, அது கூட தெரியுதுய்யா." சாயங்காலமே சித்தப்பாகிட்ட குடுத்து ஆசாரிகிட்ட அந்தக் கல்ல பதிக்க அனுப்பிட்டாங்க.

வேட்டியில ஒரு ஓரத்துல சந்தனம் பட்டுருச்சு, ரெண்டு அலசுக்கும் போகல. அப்பா அத இனி நீயே வச்சுக்கன்னுட்டாரு, மடிச்சு ஃபிளாஷ் பையிலயே வச்சிருக்கேன், கூடவே கொடிக்கயிறும் நாலு துணி கிளிப்பும். ஆவணியில மாமா பொண்ணுக்கு நிச்சயம், அவங்க வீட்டு ஹால் ரோஸ் கலரு.